ஓரி அன்று பஸ்ஸே ஏறவில்லை

இன்றைக்குக் கொல்லிமலை வளப்பூர் நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? பலாச்சுளை விற்கிற யமுனாவை! பேப்பரில் வந்த முகம் இல்லை, மேடை ஏறிய ஆள் இல்லை. ஆனால் அந்த வாயால் அந்தக் கதையைக் கேட்டுக் கண்ணும் கலங்கியது, அடுத்த மூச்சில் வயிறு வலிக்கச் சிரித்ததும் நடந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சரியா?

யமுனாவின் கடை என்பது நான்கு மூங்கில், ஒரு நீலத் தார்ப்பாய், ஒரு பலகை. அவ்வளவுதான். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வளைவு வளைவாகச் சுற்றி ஏறி வருகிற பஸ் அங்கே வந்து நிற்கும்போது, கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் முகம் வெளிறி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டுதான் இறங்குவார்கள். அவர்களுக்கு யமுனா அறுத்து வைத்திருக்கிற பலாவின் வாசம் எட்டியதும் போன உயிர் திரும்பி வரும். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, பாலைத் துடைத்து, சடையைப் பிரித்து, சுளை சுளையாக அவள் எடுத்து வைக்கிற வேகத்தைப் பார்க்கவே கூட்டம் நிற்கும்.

"ஏனுங்க, இனிக்குமுங்களா?" என்று யாராவது இழுத்தால் போதும்.

"ஒண்ணைத் தின்னு பாருங்க. இனிக்கலைன்னா இதே பஸ்ஸுல பழத்தோட உங்களையும் கீழ அனுப்பி வெக்கறேன், டிக்கெட் என்னுது!"

இந்தக் கடைக்கு ஒரு குட்டி முதலாளி உண்டு. அவள் மகன், ஓரி. இந்த மலையை ஆண்ட ராசாவின் பேரை அவன் அப்பா கார்த்தி ஆசை ஆசையாக வைத்தது. பேரென்னவோ ராசா பேர்தான். ராசாவுக்கு இடுப்பில் டவுசர் நிற்காது. நடை வந்துவிட்டது, பேச்சு இப்போதுதான் வருகிறது. சுளைக்கு "சுய்" என்பான். பஸ் கண்டக்டர் குப்புசாமிக்கு "பீப்பீ" என்பான், விசில் ஊதுகிறவர் என்பதால். பலகைக்கு அடியில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டால், ஒரு சுளையைச் சப்பிக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டிருப்பான்.

இந்த மலை பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கைக்குழந்தையோடு யாராவது ஏறினால், அம்மா நிற்கலாம், பிள்ளை நிற்காது. உட்கார்ந்திருக்கிற யாராவது "குடு சாமி" என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அவர் இறங்கும் இடம் வந்தால் பிள்ளை அடுத்த மடிக்குப் போகும். வெறுமனே போகாது. இந்த மடியில் ஒரு பிஸ்கட், அந்த மடியில் ஒரு வாழைப்பழம், ஜன்னலோரத்தில் ஒரு பலாச்சுளை என்று தீனியோடு போகும். பிள்ளை மேலே வந்து சேரும்போது வயிறு நிறைந்திருக்கும். என்னென்ன நிறைந்திருக்கிறது என்பது அம்மாவுக்கே தெரியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். பிரியமாகக் கொடுப்பதை யார் விசாரிப்பார்கள்?

அதில் பெரிய ஆள் குப்புசாமி. சட்டைப் பையில் எப்போதும் கடலைமிட்டாய். பல் முளைத்த பிள்ளைகளைக் கண்டால் ஒரு துண்டை எடுத்து, தொண்டையில் சிக்கிவிடக் கூடாதென்று விரலால் பொடிப்பொடியாக நுணுக்கி, நாக்கில் ஒட்டி விடுவார். வளைவில் அழுகிற பிள்ளை கப்பென்று வாயை மூடும். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. "என்ற பஸ்ஸுல அழுதுட்டு எறங்குன புள்ளை கெடையாதுங்க" என்பார்.

பலா சீசன் தொடங்கிய புதிதில் ஒரு நாள், கடைக்குக் கவர் வாங்க யமுனா கீழே போய்விட்டு ஓரியோடு திரும்பி வந்தாள். வழக்கம்போல ஓரி மடிமடியாகப் பயணம் செய்தான். பக்கத்து வீட்டு அத்தாயி அக்காவும் அதே பஸ்ஸில். அவர் மடியில் ஒரு சுளை, வேறொருவர் மடியில் ரொட்டி, குப்புசாமியிடம் அவன் பங்கு மிட்டாய்ப்பொடி. பாதி மலை ஏறியிருப்பார்கள், பிள்ளை அத்தனையையும் கக்கிவிட்டான்.

பஸ்ஸில் ஒருவர் கூடப் பதறவில்லை. எதற்குப் பதற வேண்டும்? அந்த ரோட்டில் வாந்தி என்பது தும்மல் மாதிரி.

"வளைவுங்க, வேறென்ன? எலுமிச்சம்பழத்தை மோக்கக் குடு அம்மிணி" என்றார் ஒருவர். யமுனாவும் மோக்கக் கொடுத்தாள்.

வீடு வந்து பார்த்தால் வாயைச் சுற்றிச் சிவப்பு. வயிற்றில் கொசு கடித்த மாதிரி தடிப்புத் தடிப்பாக. பிள்ளை சொறிந்துகொண்டே இருந்தான். அத்தாயி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டார். காட்டிலிருந்து வந்த கார்த்தி அதைக் கேட்கவில்லை.

"பூச்சியுமில்ல, ஒண்ணுமில்ல. பலாப்பாலு. நாள் முச்சூடும் பலாவுக்கு நடுவுல கெடந்தா?"

"அவன் பல்லு மொளைக்கறதுக்கு முந்தியே சுளையைச் சப்புனவன்யா. இத்தனை நாளா வராதது இன்னிக்கு வருமா?"

"வந்திருச்சுல்ல?"

சாயங்காலத்துக்குள் தடிப்பு அடங்கிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு அடங்கவில்லை. கடைசியில் கார்த்தி சொன்னான்: "இங்க பாரு. புள்ளை கடைக்கு வர வேண்டாம், பலாவும் வேண்டாம். இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா கடையைப் பிரிச்சு எடுத்துரலாம். புள்ளையை விடவா கடை?"

பிள்ளையை விடக் கடை பெரிதில்லைதான். ஆனால் அந்த நீலத் தார்ப்பாய் அவளே கேட்டு வாங்கி, அவளே கட்டியது. அதுவரை அவள் கார்த்தி பெண்டாட்டி. அதற்குப் பிறகுதான் "சுளைக்கடை யமுனா". சரி என்று தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து ஓரி பகலெல்லாம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், அத்தாயி அக்கா வீட்டில். பஸ் பயணமும் நிறுத்தம். வாசல் படல் வழியாகக் கடையைப் பார்த்து "சுய்ய்ய்!" என்று அவன் கத்துகிற கத்தலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். யமுனா கடையை மூடியதும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, சேலையை மாற்றிய பிறகுதான் மகனைத் தூக்குவாள். அவன் அவள் கையை மோந்து பார்ப்பான். பலா வாசம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். "சுய்?" என்பான் பாவமாக.

இப்படியே நாள் போனது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்த்தி சொன்னதுதான் சரி போல என்று யமுனாவே நம்பத் தொடங்கிவிட்டாள்.

அப்புறம் ஒரு காலை. பஸ் வந்து நின்றது. கூட்டம் கடையை மொய்த்தது. குப்புசாமி டீ குடிக்க இறங்கினார். அவரைப் பார்த்ததும் படலுக்குப் பின்னால் ஓரி ஒரே ஆட்டம். பிடிவாதம் தாங்காமல் அத்தாயி அக்கா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு டீக்கடை வரை வந்தார். பார்த்துப் பல நாளான குஷியில் "பீப்பீ!" என்று பாய்ந்தான் பிள்ளை. குப்புசாமி அவனை வாங்கி, விசிலை ஊதிக் காட்டி, கொஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுத்தார். யமுனா இதையெல்லாம் அரைக்கண்ணால் பார்த்தபடி பழம் அறுத்துக்கொண்டிருந்தாள்.

டீ ஆறுவதற்குள் அத்தாயி அக்காவின் குரல்: "யமுனா! இங்க வா, இவன் மூஞ்சியைப் பாரு!"

ஓடிப் போய்ப் பார்த்தாள். கன்னத்தில் தடிப்பு. மேலுதடு தேனீ கொட்டின மாதிரி. கண் இமை உப்பிக்கொண்டு வருகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தாயி அக்கா தோளில் வாந்தி.

பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற ஒரு பெரியவர் இரக்கப்பட்டு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். "வளைவுல வந்த புள்ளைக்கு வாந்தி வராம இருக்குமா? மோக்கக் குடும்மா, சரியாப் போகும்."

"இவன் எங்கீங்க வளைவுல வந்தான்? இவன் பஸ்ஸே ஏறலீங்களே!"

சொன்ன வாய் அப்படியே நின்றது. தான் சொன்னது அவள் காதிலேயே அப்போதுதான் விழுந்த மாதிரி. பஸ்ஸே ஏறவில்லை. அப்படியானால் அன்றைக்கும் அது வளைவு இல்லை! இவன் மலையில் பிறந்தவன். வயிற்றில் இருக்கும்போதே அந்த ரோட்டில் ஏறி இறங்கியவன். எத்தனை தடவை தூங்கிக்கொண்டே மேலே வந்திருக்கிறான், ஒரு தடவையாவது கக்கினானா? அன்றைக்கும் வாந்தி, தடிப்பு. இன்றைக்கும் வாந்தி, தடிப்பு. இரண்டும் தனித்தனி இல்லை, ஒன்றுதான்.

"காணாக்கடிதான், வெத்தலையும் மொளகும் அரைச்சுட்டு வாரேன்" என்று அத்தாயி அக்கா திரும்பினார்.

"வேண்டாங்க்கா! வாயில ஒண்ணும் வெக்காதீங்க!"

பிள்ளை அவள் கைக்கு வந்தான். குப்புசாமியைப் பார்த்துக் கையை நீட்டி "பீப்பீ" என்றான். அந்தக் குரல் அவன் குரல் இல்லை. கரகரவென்று, யாரோ வயசாளி பேசுகிற மாதிரி. அடுத்து ஒரு இருமல். இன்னொரு இருமல்.

யமுனா யோசிக்கவில்லை. அரிவாளைப் பலகையிலேயே போட்டாள், பஸ்ஸில் ஏறினாள். "அண்ணா, ஆஸ்பத்திரிக்கு உடச் சொல்லுங்க!"

குப்புசாமி டீயைக் கொட்டிவிட்டு ஓடி வந்து ஏறினார், பின்னாலேயே அத்தாயி அக்காவும். விசில் பறந்தது. சுகாதார நிலையம் அதே ரோட்டில்தான், ஆனால் நடுவில் நிறுத்தங்கள் உண்டு. அன்றைக்கு எதுவும் நிறுத்தம் இல்லை.

"ஏனுங்க கண்டக்டரே, என்ற ஸ்டாப்பு போகுதுங்களே!"

"திரும்பி வாரப்ப உங்க ஊட்டு வாசல்லயே எறக்கி உடறேன், உக்காருங்க!"

ஒருவர் தண்ணீர் நீட்டினார், ஒருவர் சீரகம் நீட்டினார். யமுனா எல்லாவற்றையும் கையால் மறித்தாள். பிள்ளையை நிமிர்த்தி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மடிமடியான பஸ்ஸில் அன்றைக்கு அவன் ஒரே மடியில் வந்தான்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் ரோஸ்லின் இருந்தார். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் "மக்களே" என்றுதான் கூப்பிடுவார், மலைப் பிள்ளைகள் தங்களில் யாருக்கு அந்தப் பேர் என்று திருதிருவென்று விழிக்கும். ஓரியின் உதட்டைப் பார்த்தார், இருமலைக் கேட்டார், உள்ளே குரல் கொடுத்தார். டாக்டர் ஓடி வந்தார். தொடையில் ஓர் ஊசி.

"ஒண்ணுமில்ல மக்களே, முடிஞ்சு, முடிஞ்சு."

கொஞ்ச நேரத்தில் இருமல் தளர்ந்தது. மூச்சு சீரானது. உதடு மெல்ல இறங்கத் தொடங்கியது. முதலில் அழுதான். அந்த அழுகை பழைய குரலில் வந்தது பாருங்கள், யமுனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை அழுவதைக் கேட்டு ஒரு அம்மா அப்படிச் சிரித்ததை ரோஸ்லின் அதற்கு முன் பார்த்ததில்லையாம்.

செய்தி காட்டுக்குப் போய், கார்த்தி காலெல்லாம் செம்மண்ணோடு வந்து விழுந்தான். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தான், மூச்சு வாங்கினான், அப்புறம் ஆரம்பித்தான்: "சொன்னேனா இல்லையா? பலா! நாளைக்கே கடையைப் பிரி."

யமுனா எழுந்து நின்றாள். "இன்னிக்கு அவன் பலாவைக் கண்ணால பார்த்ததோட சரி. வாசத்தைத் தவிர ஒண்ணும் உள்ள போகலை. அத்தாயி அக்காவைக் கேளு."

"சத்தியமா இல்ல சாமி. காலையில சாமைக் கஞ்சிதான். அது தெனமும் குடிக்கறது" என்றார் அத்தாயி அக்கா.

"அப்போ பலாவை விடுங்க" என்றார் ரோஸ்லின். "அந்த நாளும் தின்னது, இந்த நாளும் தின்னது, நடுவுல திங்காதது எது? அதைச் சொல்லுங்க."

"அன்னிக்குப் பஸ்ஸே சேர்ந்து ஊட்டுச்சு சிஸ்டர். ரொட்டி, சுளை..." என்று யமுனா விரல் மடக்கிக்கொண்டு வந்தாள்.

வாசலில் குப்புசாமி நின்றிருந்தார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், அவர் அசையவில்லை. கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது, போன கை அங்கேயே நின்றது.

"சிஸ்டர்... ரெண்டு நாளும் நான்தானுங்க குடுத்தேன். கடலைமிட்டாயி. நுணுக்கித்தானுங்க குடுத்தேன், இத்துனூண்டு." அந்தப் பெரிய மனிதர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "நானே புள்ளையை..."

கார்த்திக்கு முகம் சிவந்தது. யமுனாதான் முந்திக்கொண்டாள்.

"அண்ணா, அழுவாதீங்க. வண்டியை எங்கயும் நிறுத்தாம கொண்டாந்ததும் நீங்கதான். நீங்க சொல்லலைன்னா இன்னும் பலாவைத்தான் திட்டிட்டு இருப்போம்."

"மிட்டாய் மேல குத்தமில்ல" என்றார் ரோஸ்லின். "நூறு பிள்ளை திங்கும், ஒண்ணும் ஆகாது. சில பிள்ளை உடம்பு மட்டும் கடலையைப் பகையாளின்னு நினைச்சுரும். அலர்ஜி. அது கடலைதானான்னு கீழ டெஸ்ட் பண்ணிப் பாப்பாங்க." பிறகு கார்த்தி பக்கம் திரும்பினார். "நீங்களா சந்தேகப்பட்டு ஒவ்வொண்ணா நிறுத்திட்டே போனா பிள்ளை எதைத் தின்னு வளரும்? எங்ககிட்ட வரணும். தின்ன கொஞ்ச நேரத்துல, இல்லன்னா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள, தடிப்பு, வாய் சுத்திச் சிவப்பு, வாந்தின்னு வந்தா, தானா அடங்கினாலும் வந்து காட்டணும். முதல் தடவை லேசா வந்ததுன்னு அடுத்ததும் லேசாத்தான் வரும்னு நினைக்கக் கூடாது. குரல் மாறிச்சு, இருமுறான், மூச்சு இழுக்கு, பிள்ளை துவண்டு போறான்னா ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. வீட்டு மருந்து கூடாது, மாத்திரையைக் குடுத்துப் பாப்போம்னும் கூடாது. இங்க ஓடி வாங்க, இல்ல நூத்தியெட்டைக் கூப்பிடுங்க. உங்க வீட்டுக்காரி இன்னைக்குச் செஞ்ச மாதிரி."

கார்த்தி செம்மண் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடங்கினது திரும்ப வரக்கூடும், ஒரு ராத்திரி கண்காணிப்பில் இருக்கட்டும் என்று டாக்டர் அவர்களை ஆம்புலன்ஸில் நாமக்கல்லுக்கு அனுப்பினார். கீழே இறங்குகிற அத்தனை வளைவிலும் ஓரி நிம்மதியாகத் தூங்கினான். வாந்தி எடுத்தது கார்த்தி! பயமும் பசியும் பக்கவாட்டு சீட்டும் சேர்ந்து, மலையில் பிறந்து வளர்ந்த மனுசனைப் புரட்டிப் போட்டுவிட்டது. யமுனா ஒரு கையால் மகனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புருசன் முதுகைத் தடவிவிட்டாள்.

"இது அலர்ஜி இல்ல. இது வளைவுதான்."

ஆம்புலன்ஸ்காரர் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டதாம்.

அப்புறம் நடந்ததெல்லாம் நல்லது. நாமக்கல் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டு, டெஸ்ட் எடுத்து, நிலக்கடலைதான் என்று உறுதி செய்தார். கடலை, கடலைச் சட்னி, கடலை கலந்த தின்பண்டம் எதுவும் கிட்டே வரக்கூடாது. பாக்கெட்டில் வருவதைப் படித்துப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது. பெரியவன் ஆகும்போது மறுபடி பார்க்கலாம் என்றார். யமுனா நெஞ்சு படபடக்க ஒன்றே ஒன்று கேட்டாள்: "பலா, டாக்டர்?"

"முன்னெல்லாம் நல்லாத்தானே சாப்பிட்டான்? தாராளமா குடுங்கம்மா."

ஊர் திரும்பிய அன்று கார்த்தியே ஒரு பலாவைத் தோளில் சுமந்து வந்து பலகையில் இறக்கினான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தார்ப்பாய்க் கயிறு ஒன்று தளர்ந்திருந்தது, அதை இழுத்து இறுக்கிக் கட்டினான். "மழைக்காலம் வருதுல்ல" என்றான். யமுனா ஒரு சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, சின்னதாக நறுக்கி ஓரியின் கையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். நிஜமாகவா என்கிற மாதிரி. அப்புறம் ஒரு "சுய்ய்ய்ய்!" போட்டானாம், பஸ் டிரைவர் பிரேக்கில் கால் வைத்துவிட்டாராம்.

குப்புசாமியின் பையில் இப்போது கடலைமிட்டாய் இல்லை. அழுகிற பிள்ளைக்கு விசிலைத் துடைத்து ஊதக் கொடுக்கிறார். அதனால் பஸ் கண்ட இடத்திலெல்லாம் நின்று கிளம்புகிறது, டிரைவருக்குத்தான் தலைவேதனை. டிக்கெட் போட்டுக்கொண்டே ஒரு சத்தமும் கொடுக்கிறார். இன்றைக்கு இந்தக் காதால் கேட்டது அது: "சில்லறை குடுங்க, உள்ள தள்ளி நில்லுங்க, புள்ளைக்கு எது குடுத்தாலும் அம்மாளைக் கேட்டுட்டுக் குடுங்க!"

மடியில் வாங்குகிற வழக்கம் அப்படியேதான் இருக்கிறது. பிரியமும் குறையவில்லை. நேற்று ஓரி மூன்று பேர் மடி மாறி வந்தானாம், மூன்று பேரும் "ஏனுங்க அம்மிணி, கண்ணுக்கு என்ன ஆவாது?" என்று கேட்டார்களாம். மூன்று தடவையும் யமுனா சலிக்காமல் சொன்னாளாம்.

கொல்லிமலைப் பக்கம் போனால் வளப்பூர் நாட்டில் ஒரு நடை இறங்குங்கள். நீலத் தார்ப்பாய்க் கடை, கண்ணை மூடிக்கொண்டு வாசத்தைப் பிடித்துப் போனாலே வந்துவிடும். சுளை வாங்குங்கள், இனிக்கும். பலகைக்கு அடியிலிருந்து ஒரு ராசா கையை நீட்டுவான். கொடுக்கத் தோன்றும், கட்டாயம் தோன்றும்! அம்மாவைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். போக முடியாதவர்கள் சின்னப் பிள்ளை இருக்கிற ஒரு வீட்டுக்காவது இதை இப்போதே அனுப்பி வையுங்கள்.